ஹெச்.எம். மேடம், அந்த அட்டையத் திருப்பிக் குடுங்க

ஹெச்.எம். மேடத்துக்கும் பள்ளி நிர்வாகத்துல இருக்கவங்களுக்கும்,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலாங்கிளாஸ் வாட்ஸப் குரூப்ல வந்த சர்குலரப் பாத்துட்டுத்தான் இத எழுதுறேன். மூணாங்கிளாஸ்ல இருந்து மேல எந்தப் பிள்ளையும் வாசிக்கும்போது அட்டை, ஸ்கேல், விரல் எதையும் வரி மேல வைக்கக் கூடாது, உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது, வீட்டுல பாடத்த ஃபோன்ல கேட்டுட்டு வர்றது வாசிப்புக் கணக்குல வராது, நிமிஷத்துக்கு எத்தன வார்த்தைன்னு எண்ணி கதவுல ஒட்டுற சார்ட் இனிமே மாசா மாசம் வரும். இதுதான் நீங்க போட்டது. யாரையும் மனசுல வச்சுப் போடலன்னு சொல்வீங்க, நம்புறேன். ஆனா அந்த நாலுமே என் மக செய்றதும் என் மக மேல விழுறதும்தான். சர்குலர் வர்றதுக்கு முன்னாடியே அன்னைக்கு மத்தியானம் அவ பைல இருந்த அட்டைய வாங்கி மேஜை டிராயர்ல போட்டாச்சு. மெரூன் கலர் அட்டை, நடுவுல ஒரு வரி மட்டும் தெரியுற மாதிரி ஜன்னல் வெட்டிருக்கும், ஓரத்துல தங்கக் கலர்ல பாதிப் பிள்ளையார் இருப்பார், ஏன்னா அது கல்யாணப் பத்திரிகை அடிச்சு மிச்சமான போர்டு.

நான் வாத்தியார் இல்ல, கோவில்பட்டிப் பக்கம் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வச்சிருக்கவன், உங்க கொஸ்டின் பேப்பர் கூட ரெண்டு வருஷம் நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித்தரணும்னு உங்களுக்குப் பாடம் எடுக்க வரல. ஒரு பிள்ளை எப்படிப் படிக்குதுன்னு பதினாலு மாசமா ராத்திரி ராத்திரி பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், அத மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு கிளாஸ் ரேங்க் கார்டுலயும் ஒரே வரிதான் இருந்துச்சு, "அமைதியான பிள்ளை, இன்னும் முயற்சி தேவை". நாங்களும் சந்தோசமா கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். அவ யார் வம்புக்கும் போக மாட்டா, ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பா, அவ்வளவுதான். பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிற பிள்ளைன்னா மூணாம் நாளே அப்பாவக் கூப்பிட்டு விட்டுருவீங்க, சத்தமில்லாம தொலைஞ்சு போற பிள்ளைய யாரும் தேட மாட்டாங்க, நானும் தேடலங்கறதுதான் உண்மை. ஏ.டி.ஹெச்.டி.ங்கற கவனக்குறைபாட்டுல ஓடிக்கிட்டே இருக்க பிள்ளை ஒரு வகை, கவனம் மட்டும் நழுவிக்கிட்டே இருக்க பிள்ளை ஒரு வகை, ரெண்டும் கலந்தது ஒரு வகை, பொம்பளப் பிள்ளைங்கள்ல அந்த ரெண்டாவது வகை கண்ணுக்கே தெரியாமப் போகுதுன்னு டாக்டர் சொன்னப்பதான் எனக்கு அந்த ரேங்க் கார்டு வரிக்கு அர்த்தம் புரிஞ்சது.

அரசு ஆஸ்பத்திரில பிள்ளைங்களோட வளர்ச்சிக் கொறைய ஆரம்பத்துலயே பாக்குற டி.இ.ஐ.சி. மையத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனோம். முதல்ல காது டெஸ்ட், அப்புறம் கண்ணு, ரெண்டும் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பெறகுதான் மத்தது. எங்ககிட்ட ஒரு ஃபார்ம், ஸ்கூலுக்கு ஒரு ஃபார்ம். வீட்டுல மட்டும் இப்படி இருந்தா கணக்குல எடுக்க முடியாது, ரெண்டு எடத்துல தெரியணும், ஆறு மாசத்துக்கு மேல இருந்திருக்கணும், அதனால மிஸ் எழுதுறது முக்கியம்னு சொல்லித்தான் குடுத்து விட்டாங்க. மேடம், அந்த ஃபார்ம் அஞ்சு வாரம் உங்க ஆபீஸ் ரூம்ல கெடந்துச்சு. நாலாவது தடவ நான் வந்து நின்னப்ப கிளாஸ் மிஸ் வராண்டால நின்னபடியே பத்து நிமிஷத்துல நிரப்பிக் குடுத்துட்டாங்க, அதுவும் எவ்வளவு சரியா எழுதிருந்தாங்க தெரியுமா, "கேள்வி கேட்டால் பதில் தெரியும், ஆனால் எந்தக் கேள்வி என்பதை மறந்துவிடுகிறாள்"னு ஓரத்துல பேனால எழுதிருந்தாங்க. அந்த மிஸ் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, நாப்பத்தாறு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு அவங்க இவ்வளவு கவனிச்சதே பெருசு. வாசிக்கிறதுல வர்ற கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியாம்பாங்க, அது இருக்கான்னும் பாத்தாங்க, இப்போதைக்கு அந்த மாதிரி தெரியல, ஆனா ரெண்டும் சேந்து வர்றது சகஜம், அடுத்த வருஷம் திரும்பப் பாக்கணும்னு சொல்லிருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். "பொறுமை"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. கண்ணு முதல்ல பாக்குறது கொம்ப, ஆனா வாய் முதல்ல சொல்லவேண்டியது ப, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் நிக்குதா இல்லையான்னு பாத்துட்டுத்தான் அது "பெ"யா "பொ"வான்னு முடிவு பண்ண முடியும். மூணையும் மனசுல பிடிச்சு வச்சாத்தான் ஒரு எழுத்து. நமக்கு இது பழகிப்போச்சு, தெரியுறதே இல்ல. அவளுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா பிடிச்சு வைக்கவேண்டிய சாமான். அதோட நம்ம வார்த்தைங்க ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போகும், "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்"னு பாடத்துல ஒண்ணு வந்துச்சு, எழுத்துக்கூட்டிக் கடைசி "ம்"முக்கு வர்றப்ப முதல்ல சொன்ன "வந்து" அவ தலைல இல்ல, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பா. வீட்டுல நாங்க "வந்துக்கிட்டு இருந்தவங்களுக்கெல்லாம்"னு பேசுறோம், புக்குல இருக்கது வேற, அதனால ஊகிச்சுச் சொல்லவும் வழியில்ல. ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்கு எறங்கும்போது கண்ணு ரெண்டு வரி தாண்டிப் போயிரும், கதை எங்கயோ ஒடஞ்சு போச்சுன்னு அவளுக்கே தெரியும், ஆனா எங்க ஒடஞ்சதுன்னு தெரியாது. அப்படியே நிறுத்திட்டு ஜன்னலப் பாப்பா. அதத்தான் நாம முயற்சி பத்தலன்னு மூணு வருஷம் எழுதிருக்கோம்.

அந்த அட்டை எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 2001ல நான் சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல வேலை கத்துக்கிட்டேன். அங்க ப்ரூஃப் பாக்குற அண்ணாச்சி ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், காலண்டர்ல ஒரு அமாவாசை மாறிப் போனாலும் லட்ச ரூவா நட்டம், அத்தனையும் அவர் கண்ணுல பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். அவர் கைல எப்பவும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், வரிக்குக் கீழ வச்சு ஒவ்வொரு வரியா தள்ளிக்கிட்டே வருவார். பெரிய வேலைன்னா ஒரு பையனக் கூப்பிட்டு மூலத்த சத்தமா வாசிக்கச் சொல்லி, காதால கேட்டுக்கிட்டே கண்ணால ப்ரூஃப்ல போவார், அதுவும் பாதி நேரம் நின்னுக்கிட்டுத்தான், உக்காந்தா தூக்கம் வருதுடாம்பார். ஸ்கேல் வைக்கிறார், காதால கேக்குறார், எந்திரிச்சு நிக்கிறார். உங்க சர்குலர்படி பாத்தா எங்க அண்ணாச்சிக்கு வாசிக்கவே தெரியாது.

நான் செஞ்சது எல்லாம் அவர்கிட்டப் பாத்ததுதான். அட்டைல ஜன்னல் வெட்டி ஒரு வரிய மட்டும் காட்டுனேன். நீள வார்த்தைங்கள பென்சில்ல கோடு போட்டு ஒடச்சுக் குடுத்தேன், வந்து / கொண்டு / இருந்தவர்களுக்கு / எல்லாம், ரெண்டு மாசத்துல அவளே கோடு போட ஆரம்பிச்சா, இப்ப மனசுலயே போட்டுக்குறா. பாடத்த கடைல டைப் பண்ணி பதினெட்டு பாயிண்ட்ல, வரிக்கு நடுவுல நல்லா எடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல போகாம அடிச்சுக் குடுத்தேன். இதுல ஒரு வேடிக்கை. 2012ல இத்தாலிலயும் ஃப்ரான்ஸ்லயும் டிஸ்லெக்சியா பிள்ளைங்களுக்கு எழுத்துக்கு நடுவுல எடம் கூட்டிக் குடுத்தப்ப வேகமும் கூடுச்சு தப்பும் கொறஞ்சதுன்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதப் படிச்சுட்டு நானும் கடைல தமிழ் டைப் பண்ற பாமினி ஃபாண்ட்ல எழுத்து இடைவெளியக் கூட்டுனேன், கொம்பு ஒரு பக்கம் ககரம் ஒரு பக்கமா பிரிஞ்சு நின்னு பிள்ளைக்கு இருந்ததும் கொழம்பிப் போச்சு. தமிழுக்கு எழுத்துக்கு நடுவுல கூட்டக் கூடாது, வார்த்தைக்கு நடுவுலயும் வரிக்கு நடுவுலயும் கூட்டணும், ரெண்டு ஓரத்தையும் சமமா வெட்டாம இடது பக்கம் மட்டும் ஒட்டி விட்டுறணும், இல்லாட்டி வரிக்குள்ள ஓட்டை ஓட்டையா விழுந்து கண்ணு அதுல போய் மாட்டிக்கும். இது எந்த ஆராய்ச்சிலயும் பாத்துச் சொல்லல, எங்க கடைல பிள்ளைய வச்சுக் கண்டுபிடிச்சது.

ஃபோன்ல கேக்குறது வாசிப்பு இல்லன்னு போட்டிருக்கீங்க. அவ சும்மா கேட்டுட்டு வரல. நான் கடைல உக்காந்து மெதுவா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி வைப்பேன், பின்னாடி மிஷின் ஓடுற சத்தம் கூட வரும், "அப்பா இந்த எடத்துல யாரோ பத்து காப்பி எடுக்குறாங்க"ம்பா. முதல் தடவ கேப்பா, ரெண்டாவது தடவ அட்டையத் தள்ளிக்கிட்டே என் குரலோட சேந்து வாசிப்பா, மூணாவது நாலாவது தடவ தனியா. ஒரே பத்திய திரும்பத் திரும்ப வாசிக்க வச்சுச் சரளம் கொண்டு வர்ற முறைய 1979லயே சாமுவேல்ஸ்னு ஒருத்தர் எழுதிட்டார், புதுசு ஒண்ணும் இல்ல. காது முன்னாடி போனா கண்ணு பின்னாடியே போகுது, அவ்வளவுதான். கதைப் புத்தகத்துக்கு ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்ல தமிழ்ல காசில்லாம அத்தன இருக்கு, லெவல் லெவலா பிரிச்சு, பக்கத்துக்கு ரெண்டு வரில இருந்து ஆரம்பிக்குது. பக்கத்துல எழுத்து கொறச்சலா இருந்தா அவ பயப்படுறதில்ல.

எந்திரிச்சு நடக்குறதப் பத்தி உங்களுக்குக் கோவம் அதிகம்னு தெரியும், ஒரு பிள்ளை நடந்தா நாப்பத்தஞ்சு பிள்ளையும் நடக்கும்னு மீட்டிங்ல சொன்னீங்க. வீட்டுல அவ ரெண்டு நெலக்கதவுக்கும் நடுவுல நடந்துக்கிட்டே வாசிப்பா, உக்கார வச்சா மூணாவது வரில போயிருவா. 2015ல ஃபுளோரிடால 8ல இருந்து 12 வயசுப் பையன்கள வச்சுப் பாத்ததுல, ஏ.டி.ஹெச்.டி. இருக்க பிள்ளைங்க அசையுறப்பதான் நினைவுல வச்சுச் செய்ற வேலைய நல்லா செஞ்சாங்கன்னு வந்துச்சு. அது பையன்கள வச்சுப் பாத்தது, என் பிள்ளைக்குப் பொருந்துமான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா எங்க வீட்டு வாசப்படி அத தெனம் பாக்குது. கிளாஸ் பூரா நடக்கவிடச் சொல்லல மேடம். கடைசி வரிசைல சுவத்தோரம் நின்னு வாசிக்க ரெண்டடி எடம்.

எல்லாமே பலிச்சுதுன்னும் சொல்ல மாட்டேன். கலர் பேப்பர் மேல வச்சா எழுத்து நிக்கும்னு சொன்னாங்க, ஒண்ணும் நடக்கல. நட்சத்திர ஸ்டிக்கர் நாலு நாள் ஓடுச்சு, அஞ்சாம் நாள் ஸ்டிக்கர எண்ணிட்டு உக்காந்திருந்தா. பத்து பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண்ணக் கட்டிட்டு புக்கு வாசிக்க வைக்கிறோம்னு மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்காரங்க ஊர் ஊரா வந்தாங்க ஞாபகம் இருக்கா, அந்த நோட்டீஸ அடிச்சுக் குடுத்ததே நான்தான், இன்னைக்கு நெனச்சாலும் கூசுது. அந்த மாதிரி மாயமந்திரம் எதையும் உங்ககிட்ட கேக்கல. நான் கேக்குறது ஒரு அட்டை.

இதுக்கு சர்டிஃபிகேட் இருக்கான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. நேர்மையாச் சொல்றேன், இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, கற்றல் குறைபாடு அதுல இருக்கு, கவனக்குறைபாடு தனியா இல்ல. நாளைக்கு பத்தாங்கிளாஸ் பரிட்சைல கூடுதல் நேரம், எழுதுறவர் எல்லாம் கேக்குறதா இருந்தா சர்டிஃபிகேட் கேளுங்க, நியாயம். ஒரு வரிக்குக் கீழ அட்டை வைக்கிறதுக்கு எதுக்கு சர்டிஃபிகேட்? ஆனா இன்னொரு சட்டம் சர்டிஃபிகேட் இல்லாத பிள்ளைக்கும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, அடிக்கிறத மட்டும் தடுக்கல, மனசளவுல துன்புறுத்துறதையும் சேத்துத்தான் தடுக்குது. 29வது பிரிவு, பிள்ளைய பயமும் பதட்டமும் இல்லாம வச்சுப் பாடம் நடத்தணும்னு சொல்லுது. கேஸ் போடுறேன்னு மிரட்டல, சார்ட் ஒட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ வாசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

அதுவும் நம்ம ஊர்ல இது புதுசா? 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க, கொஞ்ச வருஷத்துல தமிழ்நாடு பூரா வந்துச்சு, பிள்ளைங்க பாய்ல உக்காந்து அட்டை அட்டையா எடுத்து அவங்கவங்க வேகத்துல ஏணிப்படி ஏறுனாங்க. அதுல கொறை இருந்துச்சு, ஆள் பத்தல, எல்லாம் உண்மை. ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம்ங்கறத அரசாங்கமே ஒத்துக்கிட்ட ஊர் இது. இப்ப 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல கூட பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிச்சுத்தான் சொல்லித்தர்றாங்க. என் தங்கச்சி மகன் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளில அப்படித்தான் படிக்கிறான். நான் வருஷம் முப்பத்தெட்டாயிரம் ஃபீஸ் கட்டி என் பிள்ளைய விரல் வச்சு வாசிச்சா தப்புங்கற எடத்துல சேத்திருக்கேன்.

அந்தச் சார்ட்டப் பத்தி. போன மாசம் வெள்ளோட்டம்னு ஒண்ணு ஒட்டுனீங்க. அட்டை இல்லாம என் மக 23 வார்த்தை, செகப்பு கலர்ல, கடைசில இருந்து ரெண்டாவது. அதே பத்திய அன்னைக்கு ராத்திரி அட்டையோட நின்னுக்கிட்டு வாசிச்சா, 41. நூறு வாசிக்கிற பிள்ளைங்க இருக்காங்க, 41 ஒண்ணும் பெருசு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா வாசிச்சு முடிச்சுட்டு அந்தக் கதைல வர்ற கெழவி ஏன் கோழிய விக்காமத் திரும்பி வந்தான்னு அவளே ஒரு காரணம் சொன்னா, புக்குல இல்லாத காரணம், எனக்கே தோணல. நிமிஷத்துக்கு இத்தனன்னு எண்ணுற உங்க டெஸ்ட்ல கெழவியப் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல.

படுக்கப் போறப்ப எங்கிட்ட கேட்டா, "அப்பா, அடுத்த மாசச் சார்ட்ட நம்ம கடைல அடிக்கச் சொன்னா, என் பேர மட்டும் சின்ன எழுத்துல போடலாமா?" ஃபாண்ட் சைஸ் தெரிஞ்ச பிள்ளை. நான் பதில் சொல்லல. அதுக்கப்புறம் மூணு நாள் வீட்டுலயும் அட்டைய எடுக்கல, தப்புன்னு சொல்லிட்டாங்கல்லப்பான்னா. பதினாலு மாசம் ஆச்சு மேடம் அவள அந்த எடத்துக்குக் கொண்டு வர.

அதனால நான் கேக்குறது இதெல்லாம். முதல்ல டிராயர்ல இருக்க அட்டைய நீங்களோ மிஸ்ஸோ அவ கைல குடுங்க, பியூன் கிட்ட குடுத்து விட வேணாம், பிள்ளைங்க முன்னாடி வாங்குனத பிள்ளைங்க முன்னாடியே குடுக்கணும், இது தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கணும். சர்குலர்ல அட்டை, ஸ்கேல், விரல் கூடாதுங்கற வரிய எடுத்துட்டு, அத அந்தந்த கிளாஸ் மிஸ் முடிவுக்கு விடுங்க, வராண்டால நின்னு அந்த ஃபார்ம நிரப்புன மிஸ்ஸுக்கு எந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு நல்லாவே தெரியும். பேர் போட்ட சார்ட் கதவுல வேணாம், எண்ணித்தான் ஆகணும்னா எண்ணி அந்தப் பிள்ளையோட நோட்டுல எழுதுங்க, போன மாசத்த விட எவ்வளவுன்னு மட்டும். டெஸ்ட்ல வேகத்துக்குப் பாதி மார்க் வச்சா, வாசிச்சதச் சொல்றதுக்குப் பாதி வைங்க. முன்னாடி கூப்பிட்டு நிறுத்தி வாசிக்கச் சொல்றதா இருந்தா எந்தப் பத்தின்னு முந்தின நாளே டைரில எழுதி விடுங்க. கேட்டுக்கிட்டே சேந்து வாசிச்சுட்டு வந்தா அத ஹோம்வொர்க்கா ஒத்துக்குங்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். சுவத்தோரம் அந்த ரெண்டடி எடம். அப்புறம் மிஸ்மாருக்கு ஒரு நாள் பயிற்சி, சென்னைப் பக்கம் முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான நீப்மெட் நிறுவனம் இருக்கு, சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்துக்கிட்டு இருக்காங்க, ரெண்டு எடத்துக்கும் ஸ்கூல் லெட்டர்ஹெட்ல கடிதம் எழுதணும்னா டைப் பண்றது என் பொறுப்பு. ஆஸ்பத்திரில இருந்து ஃபார்ம் வந்தா ஒரு வாரத்துக்குள்ள நிரப்பித் தரணும்னு ஆபீஸ்ல சொல்லி வைங்க, இது என் பிள்ளைக்கு மட்டும் இல்ல, எனக்குத் தெரிஞ்சே இன்னும் மூணு வீட்டுல ஃபார்ம் வாங்கப் பயந்துக்கிட்டு இருக்காங்க.

பதில் வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல வேணும், குரூப்ல போட வேணாம், டைரில எழுதி விட்டாப் போதும். நாப்பத்தாறு அட்டை வெட்டி வச்சிருக்கேன், நாலாங்கிளாஸ் பி செக்‌ஷன் பூராத்துக்கும், காசு ஒண்ணும் வேணாம். எல்லார் கைலயும் இருந்தா என் பிள்ளை கைல மட்டும் தனியாத் தெரியாதுல்ல. எல்லா மதத்துப் பிள்ளைங்களும் இருக்காங்கன்னு பிள்ளையார் இல்லாத போர்டாப் பாத்துத்தான் வெட்டிருக்கேன். ஆபீஸ் ரூம்ல யார்கிட்ட குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

நாலாங்கிளாஸ் பி செக்‌ஷன் பிள்ளையோட அப்பா